புதிய மருத்துவர்களுக்கு நோயாளியோடு பழகக் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் புதிய ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், வருகிறார்கள். நோயாளியிடம் நடந்துகொள்வது பற்றிய அவர்களுடைய சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. மேற்படிப்பு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்பவை வேறு சில. அடிக்கடி காதில் விழுந்தவற்றை, கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன்.

இதெல்லாம் பிறவிக் குணம் சார். இருப்பவர்களுக்கு இருக்கும், இல்லாதவர்களுக்கு வராது. இதைப் போய்ச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

இரக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வார்டில் நாங்கள் கற்பிக்க முயல்வது நடத்தையை. வயிற்றைத் தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவது, சேலையை விலக்கும் முன் திரையை இழுப்பது, நோயாளி பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, கெட்ட செய்தியை நடைபாதையில் நின்று சொல்லாமல் இருப்பது. இவை எல்லாம் பழக்கங்கள். நெஞ்சைத் தட்டிப் பார்த்து உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க யாரும் பிறவியிலேயே கற்று வருவதில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்று விரலைத் திருத்துகிறார், பத்து நோயாளிகளுக்குப் பிறகு கை படிந்துவிடுகிறது. இதையும் அதே முறையில்தான் கற்பிக்க வேண்டும்: செய்யவிட்டு, பார்த்து, திருத்தி.

கலகலப்பாகப் பேசும் மாணவர்தான் இதில் தேறுவார் என்றொரு எண்ணமும் உண்டு. என் அனுபவம் வேறு. அதிகம் பேசாத மாணவர்கள் பல நேரங்களில் நன்றாகக் கேட்கிறார்கள்.

பாடத்திட்டத்தில் இதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா, அல்லது பேச்சளவில்தானா?

இருக்கிறது. இந்தியாவில் 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் ‘ஏட்காம்’ என்று சுருக்கமாகச் சொல்லும் பாடம் அதன் ஒரு பகுதி. மனப்பான்மை, மருத்துவ அறம், நோயாளியிடம் பேசும் முறை ஆகிய மூன்றும் முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை தொடர்ந்து வருகின்றன. கிராமத்துக் குடும்பங்களை மாணவர்கள் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் திட்டமும் பிறகு சேர்ந்தது. அதற்கு முன்பு எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துக் கற்பிப்பது நீண்டகால வழக்கம்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல கல்லூரிகளில் இந்தப் பாடத்தை விரிவுரை அரங்கில் 150 பேரை உட்காரவைத்து, ஸ்லைடு போட்டு முடித்துவிடுகிறார்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போன்ற வேலை இது. வருகைப் பதிவேடு நிறைகிறது, மாணவர் நனைவதே இல்லை.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்து கொடுத்தால் போதாதா? கனிவால் சர்க்கரை குறையுமா?

குறைவதாகத்தான் தெரிகிறது. 2011-இல் பிலடெல்பியாவில் முகமதுரேசா ஹோஜத் குழுவினர் 29 மருத்துவர்களையும் அவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 சர்க்கரை நோயாளிகளையும் வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்ளும் தன்மையில் அதிக மதிப்பெண் பெற்ற மருத்துவர்களின் நோயாளிகளில் 56 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் நோயாளிகளில் அது 40 சதவீதம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் வார்டில் நடப்பதோடு இது ஒத்துப்போகிறது.

இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம், சர்க்கரை இறங்காது. கேஸ் ஷீட்டில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதுவோம். ஏன் எடுப்பதில்லை என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் விஷயம் வெளியே வரும்: காலையில் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பாடு கிடையாது, ஒருமுறை வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகு அந்த அம்மாள் காலை ஊசியையே விட்டுவிட்டார். இது இரக்கத்தால் கிடைத்த தகவல் என்று நான் சொல்லமாட்டேன். இதுவும் நோயறிதல்தான். இதைக் கேட்காத மருத்துவர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்ததாகவே எனக்குக் கணக்கில்லை.

ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொருவரிடமும் கதை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

நியாயமான கேள்வி. 2017-இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்றில், ஒரு நோயாளிக்கு மருத்துவர் செலவிடும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி என்று இருந்தது. நமக்குச் சுமார் 2 நிமிடம். இந்தக் கூட்டத்துக்கு இந்த மருத்துவர்கள் போதாது என்பது உண்மை. அதை மாணவரின் கனிவால் ஈடுகட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

இருந்தாலும் ‘கேட்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள்’ என்ற பயம் பெரும்பாலும் பொய். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-இல் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 2002-இல் அதையும் அளந்தார்கள். 335 நோயாளிகள், சராசரி 92 வினாடி. பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாமே நிறுத்திவிட்டார்கள். அங்கே நேரமும் வசதியும் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். நம் ஓ.பி.யில் வருகிறவர் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தே பாதியை விழுங்கிவிடுகிறார். அதனால் முதல் அரை நிமிடத்தையாவது முழுதாக அவருக்குக் கொடுங்கள் என்பேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, ‘என்ன செய்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பல நேரங்களில் நீங்கள் அடுத்து கேட்கவிருந்த ஐந்து கேள்விகளுக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

இன்னொரு வழி உட்காருவது. அமெரிக்காவின் கான்சஸில் 2012-இல் வெளியான சிறிய ஆய்வில், அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளைப் பார்க்கப் போன மருத்துவர் சிலரிடம் நின்றுகொண்டும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். உட்கார்ந்தபோது உண்மையில் அவர் செலவிட்டது சற்றுக் குறைவான நேரம், ஒரு நிமிடத்தை ஒட்டி. நோயாளிகளோ ஐந்து நிமிடம் இருந்தார் என்றார்கள்.

உட்காரச் சொல்கிறீர்கள். எங்கள் வார்டில் ஸ்டூலே கிடையாதே?

அப்படியானால் சிஸ்டரிடம் கேட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் அனுமதி கேட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காரலாம். தொற்றுத் தடுப்பு விதிகள் அனுமதிக்காத வார்டுகளில் மட்டும் வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரிடம் குந்தி அமர்ந்து பேசுங்கள். வெள்ளைக் கோட்டு அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

நோயாளியை எப்படி அழைப்பது? பாட்டி, தாத்தா என்று அழைப்பது பாசம்தானே?

முதல் தடவை பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அதன் பிறகு ஊர் வழக்கப்படி அம்மா, ஐயா, அண்ணாச்சி என்று எது இயல்பாக வருகிறதோ அதில் தவறில்லை. ‘பாட்டி’ என்பதை எண்பது வயதுக்காரர் ரசிப்பார். வேலை வெயிலில் காய்ந்து முகம் சுருங்கிய ஐம்பது வயதுப் பெண்ணை அப்படி அழைத்தால் அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

எனக்கு எரிச்சல் தருவது உறவுப் பெயர் அல்ல, ஒருமை. பொது வார்டில் ‘வா, படு, வாயைத் திற’ என்று பேசும் அதே மருத்துவர், கட்டண வார்டில் ‘வாருங்கள், படுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். என் யூனிட்டில் ஒரே விதிதான். உங்கள் தந்தை வயதுக்காரரிடம் உங்கள் தந்தையிடம் மற்றவர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்களோ அப்படிப் பேசுங்கள். இதற்கு ஒரு வினாடிகூட அதிகம் பிடிக்காது. நேரமில்லை என்ற சமாதானமும் இங்கே செல்லாது.

ஆங்கிலத்தில் படித்துவிட்டோம். தமிழில் விளக்கத் திணறுகிறோம். வெளிமாநில மாணவர்களின் கதியோ இன்னும் மோசம். என்ன செய்வது?

நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்வது முதல் வேலை, விளக்குவது இரண்டாவது. ‘நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது’ என்று சொல்லி வந்தவருக்கு இரைப்பை மாத்திரை கொடுத்து அனுப்பி, அது மாரடைப்பாக முடிந்த கதை அவசரப் பிரிவான காஷுவல்டியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கிறுகிறுப்பு, குடைச்சல், மேலுக்கு முடியவில்லை என்ற சொற்கள் வரும்போது, உடனே ஒரு நோயின் பெயரை ஒட்டாதீர்கள். ‘எங்கே, எப்படி இருக்கிறது, கையால் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். உள்ளங்கையை மார்பின் நடுவே அழுத்திக் காட்டுபவர் வாயு என்று சொன்னாலும் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டியவர்.

விளக்கும்போது ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரைகளை எப்படிப் போடுவீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்’ என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால், நாம் விளக்கியது போதவில்லை என்று அர்த்தம். அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புவதால் இந்தி, மலையாளம், தெலுங்கு பேசும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை ஒரு தமிழ் மாணவரோடு இணைத்து அனுப்புகிறோம். செவிலியர்களிடம் ஒரு மாதம் மொழி கற்பது வகுப்பில் ஓர் ஆண்டு கற்பதைவிட வேகமானது.

ரவுண்ட்ஸில் நோயாளியின் தலைமாட்டில் நின்று ஆங்கிலத்தில் விவாதிக்கிறோம். அவருக்குத்தான் புரியாதே?

புரியும். ‘கேன்சர்’, ‘சீரியஸ்’, ‘எச்.ஐ.வி.’, ‘ஐ.சி.யூ.’ ஆகிய சொற்கள் இப்போது எல்லோருக்கும் தெரிந்தவை. பாதி புரிவது முழுவதும் புரிவதைவிடக் கொடுமை. அடுத்த கட்டில் நோயாளியைப் பற்றிப் பேசியதைத் தன்னைப் பற்றியது என்று நினைத்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எனவே அதைப் பக்கத்துக் கட்டில் கேட்க விவாதிப்பது சட்டச் சிக்கலும்கூட.

இதற்காகப் படுக்கையருகே கற்பிப்பதையே விட்டுவிட்டு, அறைக்குள் கணினி முன் ரவுண்ட்ஸ் நடத்துவது இன்னொரு கெடுதல். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து இப்போது ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஆபிரகாம் வர்கீஸ், உடலைத் தொட்டுச் சோதிக்கும் கலை அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அங்கே தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார். அந்தக் கவலை நமக்கும் வேண்டும். நான் செய்வது இது: நோய் வரலாற்றையும் பரிசோதனையையும் நோயாளி முன் பேசுகிறோம், அவரையும் சேர்த்துக்கொண்டு, ‘சரிதானா, விட்டுப்போனது ஏதாவது உண்டா?’ என்று அவரிடமே கேட்கிறோம். என்ன நோயாக இருக்கலாம் என்ற பட்டியலும் மோசமான சாத்தியங்களும் வெளியே வந்த பிறகு. புறப்படும் முன் ஒருவர் நின்று, பேசியதன் சாரத்தைத் தமிழில் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த வேலை ஹவுஸ் சர்ஜனுக்கு.

வகுப்பில் இவ்வளவும் சொல்கிறீர்கள். வார்டில் யூனிட் தலைவரான சீஃப் நோயாளியைத் திட்டுகிறார். நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது?

நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது சீஃபிடமிருந்துதான், அதில் எனக்கு மாயை இல்லை. எழுதப்படாத இந்தப் பாடத்திட்டம் எழுதப்பட்டதைவிட வலியது என்று மருத்துவக் கல்வியை ஆராய்பவர்கள் 1990-களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். முன்பு சொன்ன ஹோஜத் குழுவினர் 2009-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பிறர் நிலையைப் புரிந்துகொள்ளும் தன்மை மாணவர்களிடம் முதலிரண்டு ஆண்டுகள் பெரிதாக மாறுவதில்லை, மூன்றாம் ஆண்டில் சரிகிறது. அங்கே மூன்றாம் ஆண்டு என்பது மாணவர் வார்டுக்குள் நுழையும் ஆண்டு. நோயாளியைப் பார்க்க ஆரம்பித்ததும் நோயாளி மீதான அக்கறை குறைகிறதென்றால், கோளாறு மாணவரிடம் இருக்க வாய்ப்பில்லை. அந்த மதிப்பெண் மாணவர்கள் தாமே நிரப்பிய படிவத்தில் வந்தது என்பதால் சிலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். இருக்கட்டும். முதலாண்டில் விபத்து நோயாளியைப் பார்த்து முகம் வெளிறிய மாணவர், ஹவுஸ் சர்ஜனாகி ‘அந்த நாலாம் நம்பர் கட்டில் இன்னும் போகவில்லையா?’ என்று கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சீஃப்பை எதிர்த்துப் பேசுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையெழுத்து அவரிடம் இருக்கிறது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் திரும்பிப் போய் அந்த நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். துறைத் தலைவர்களுக்கு நான் சொல்வது வேறு: எந்தப் பேராசிரியரின் யூனிட்டில் எப்படிப் பேசப்படுகிறது என்று வார்டு சிஸ்டர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். புதிய ஹவுஸ் சர்ஜன்களை முதல் மாதம் நல்ல யூனிட்டுகளுக்கு அனுப்புங்கள்.

நிஜ நோயாளிகள் இத்தனை பேர் இருக்கும்போது, நோயாளியாக நடிப்பவர்களை வைத்துப் பயிற்சி எதற்கு?

மரணச் செய்தி சொல்வதை முதன்முதலாக ஒரு நிஜமான மனைவியிடம் பழகிப்பார்ப்பது நியாயமில்லை, அதற்காகத்தான். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் இந்த முறையைத் தொடங்கினார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் வடிவமைத்த, இப்படி நடிப்பவர்களையும் பயன்படுத்தி நிலையம் நிலையமாக நகர்ந்து செய்யும் செய்முறைத் தேர்வு இன்று நம் கல்லூரிகளிலும் நடக்கிறது. நடிகர்கள் வேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ள செவிலியர்கள் இறந்தவரின் அண்ணனாகவோ தாயாகவோ நடிப்பதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். அவர்கள் எத்தனை அண்ணன்களைப் பார்த்திருக்கிறார்கள்!

இறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை.

கெட்ட செய்தி சொல்வதற்கு, மனநல மருத்துவர் பெய்ல், புற்றுநோய் மருத்துவர் பக்மன் முதலியோர் 2000-இல் எழுதிய ஆறு படி முறை உலகம் முழுக்கக் கற்பிக்கப்படுகிறது. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, வரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. புற்றுநோய்க்கு இது அப்படியே பொருந்தும். நள்ளிரவு காஷுவல்டியில் ஆறு படிகளுக்கும் அவகாசம் இருக்காது. அங்கே நான் கற்பிப்பது சுருக்கமானது.

முதலில் இறந்தவரின் பெயரையும், எதிரே நிற்பவர் அவருக்கு என்ன உறவு என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஆள் மாறிச் சொல்லிவிட்டால் திருத்தவே முடியாது. கூட்டத்திலிருந்து நெருங்கிய ஓரிருவரை உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். கையுறையைக் கழற்றுங்கள், ரத்தக்கறை படிந்த கோட்டை மாற்றுங்கள், கைபேசியை அணையுங்கள். ‘வருத்தமான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது’ என்று ஒரு வாக்கியம். பிறகு நேராக, ‘உங்கள் கணவர் இறந்துவிட்டார்.’ ‘கையை மீறிவிட்டது’, ‘எங்களால் ஆனதைச் செய்தோம்’ என்று சுற்றினால், ‘அப்படியானால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம்.

சொன்ன பிறகு நிறுத்துங்கள். அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள், இதய நாடித் துடிப்பின் விவரங்களைக் கொட்டாதீர்கள். கொஞ்சம் கழித்து அவர்களுக்குத் தேவைப்படுவது தகவல்: உடலை எப்போது பார்க்கலாம், பிரேதப் பரிசோதனை உண்டா, ஏன், எவ்வளவு நேரமாகும், இலவச அமரர் ஊர்திக்கு யாரிடம் சொல்ல வேண்டும். இவற்றைத் தெரிந்துவைத்திருக்கும் ஹவுஸ் சர்ஜன், ஆறுதல் வார்த்தைகளைத் தேடித் தவிக்க வேண்டியதில்லை.

‘அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்’ என்று மகன் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார். என்ன செய்வது?

வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்கும் கேள்வி. இரண்டு அவசரப் பதில்கள் உண்டு, இரண்டும் சரியில்லை. ‘நோயாளிக்கு உரிமை இருக்கிறது’ என்று மகனை ஒதுக்கிவிட்டுப் போய்ச் சொல்வது ஒன்று. மகன் சொன்னபடி வயிற்றுப்புண் என்று பொய் சொல்வது மற்றொன்று.

முதலில் மகனிடம் பேசுங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்பா சாப்பிடாமல் விட்டுவிடுவார், தற்கொலை செய்துகொள்வார் என்ற பயமாக இருக்கும், அரிதாகச் சொத்து. அவர் அன்பினால் கேட்கிறார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, ‘நானாகப் போய்ச் சொல்லப்போவதில்லை. ஆனால் அவரே என்னிடம் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து அப்பாவிடம் தனியாக, ‘உங்கள் நோயைப் பற்றிய விவரங்களை உங்களிடம் சொல்லவா, மகனிடம் சொன்னால் போதுமா?’ என்று கேளுங்கள். ‘அவனிடமே சொல்லுங்கள், அவன் பார்த்துக்கொள்வான்’ என்பார் சிலர். அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டியது. வேறு சிலர், ‘எனக்குத் தெரியும் டாக்டர், பையன் பயப்படுவான் என்றுதான் கேட்கவில்லை’ என்பார்கள். ஒரே கட்டிலைச் சுற்றி இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம்.

கீமோதெரபி, பெரிய அறுவைச் சிகிச்சை என்று வரும்போது இந்த மறைப்பு நீடிக்காது. முடி கொட்டும் சிகிச்சைக்கு வயிற்றுப்புண் என்று யாரை நம்பவைப்பது? ஒப்புதலும் அவரிடம்தான் வாங்க வேண்டும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி வரத்தான் எங்களை அனுப்புகிறார்கள். அதில் என்ன கலை இருக்கிறது?

கையெழுத்து வாங்குவதில் ஒன்றுமில்லை. விளக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது, சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. சமீரா கோலி என்ற நோயாளி தொடுத்த வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், கருப்பையை அகற்ற முடியாது. வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் கேட்டதும் செல்லாது என்றது.

உங்களுக்கே தெரியாத அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்க உங்களை அனுப்பினால், ‘எனக்கு விளக்கத் தெரியவில்லை, நீங்கள் விளக்கும்போது உடனிருக்கிறேன்’ என்று மூத்தவரிடம் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வருவார்கள்.

நோயாளி இறந்தபோது நான் அழுதுவிட்டேன். பலவீனமா?

இல்லை. குடும்பத்தினர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வராதவரை அதில் ஒரு தவறும் கிடையாது. யாரிடமாவது பேசுங்கள். லண்டனில் மைக்கேல் பாலிண்ட் 1950-களில் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, தங்களைப் படுத்திய நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். அந்த வழக்கம் பல நாடுகளில் இன்றும் இருக்கிறது. நம் கேன்டீன் மேசையிலும் அது நடக்கும், கிண்டல் கொஞ்சம் குறைந்தால்.

முப்பத்தாறு மணி நேரமாகத் தூங்காதவனிடம் கனிவை எதிர்பார்ப்பது நியாயமா சார்?

நியாயமில்லை. 1973-இல் பிரின்ஸ்டனில் டார்லி, பாட்சன் என்ற உளவியலாளர்கள் பாதிரியார் பயிற்சி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடப்பார். அவசரமில்லாத மாணவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர் மட்டுமே நின்றார்கள். நல்லவனையும் அவசரம் அப்படி மாற்றிவிடுகிறது.

உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-இலேயே ஆணையிட்டது. நடைமுறை எல்லோருக்கும் தெரியும். டூட்டிப் பட்டியலைச் சரிசெய்யாமல் மனிதநேய வகுப்பு நடத்தும் நிர்வாகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இருந்தாலும் அந்த முப்பத்தாறாவது மணியில் எதிரே இருக்கும் நோயாளி அந்தப் பட்டியலைப் போட்டவர் அல்ல. களைத்திருக்கும்போது கனிவை முயலாதீர்கள். திட்டாமல் இருப்பதையும் மருந்தின் அளவை இரண்டு முறை பார்ப்பதையும் மட்டும் முயலுங்கள்.

குடித்துவிட்டு வந்து அடிக்க வருபவரிடமும் அன்பாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். கதவுக்கு அருகில் நில்லுங்கள், தனியாக நிற்காதீர்கள், காவலரை அழையுங்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். ஆனால் பல சண்டைகள் நோயாளி வந்து மூன்று மணி நேரமாக யாரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லாததால் மூள்கின்றன. ‘ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம், இன்னும் ஒரு மணி நேரமாகும்’ என்று ஒருவர் போய்ச் சொன்னாலே பாதி அடங்கிவிடும்.

இலக்கியம் படித்தால் நல்ல மருத்துவர் ஆகலாம் என்கிறார்களே?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரன் கதைகளை வைத்து மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் துறையையே உருவாக்கினார். நோயாளி சொல்வதை ஒரு கதையாகக் கவனிக்கப் பழகுவது அதன் நோக்கம், அதில் பயன் உண்டு. நிறைய வாசித்துவிட்டு அட்டெண்டர்களை விரட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு நேரம் குறைவாக இருந்தால், நாவலைவிட ஒரு நோயாளியோடு பஸ்ஸில் அவர் ஊர்வரை போய்வரச் சொல்வேன். மருந்து வாங்க ஒரு நாள் கூலி போகிறது என்பது அப்போது தெரியும்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? எழுத்துத் தேர்வில் எல்லோரும் ‘மரியாதையாகப் பேசுவேன்’ என்றுதானே எழுதுவார்கள்?

எழுதுவார்கள். அதனால் எழுத்துத் தேர்வை நம்பக் கூடாது. மாணவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதை ஆசிரியர் பத்து நிமிடம் பேசாமல் கவனித்து, முடிந்ததும் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுவது சிறந்த வழி. எல்லா மாணவர்களுக்கும் செய்ய ஆசிரியர்கள் போதாது என்பார்கள். மாதம் ஒரு மாணவருக்கு ஒருமுறை போதும், ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் பன்னிரண்டு ஆகிவிடும். திருத்தும்போது ‘இன்னும் கனிவாக இரு’ என்று சொல்வதால் பலனில்லை. ‘அவர் மகளைப் பற்றிச் சொன்னபோது நீ கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்’ என்று சொன்னால் அடுத்த முறை பார்க்கமாட்டார். மருந்தில் தவறு செய்பவரைத் திருத்துவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. இதற்கும் கூச்சம் வேண்டாம். சிஸ்டர்களின் கருத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டேன். தேவையில்லாத ஸ்கேன் எழுதச் சொல்கிறார்கள். இங்கே நீங்கள் சொன்னதெல்லாம் எப்படிச் செல்லும்?

பழைய மாணவர்கள் தொலைபேசியில் கேட்பது. எளிய பதில் என்னிடம் இல்லை. கடன் இருக்கிறது, வீட்டில் பொறுப்பு இருக்கிறது. இவர்களிடம் வேலையை உதறு என்று பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது எனக்கு எளிது.

உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நோயாளி ‘இது எனக்குக் கட்டாயம் வேண்டுமா?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இப்போதே வேண்டியதையும், காத்திருக்கக்கூடியதையும், செய்யாமலே விடக்கூடியதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் சுமாராக எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள். எதற்காக எழுதினீர்கள் என்ற காரணத்தைக் கேஸ் ஷீட்டில் உங்கள் கைப்படக் குறித்துவையுங்கள். காரணம் எழுத வரவில்லையென்றால், அந்த ஸ்கேனை எழுதாதீர்கள். இதையும் அனுமதிக்காத இடமென்றால், அங்கிருந்தபடியே வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். பரிந்துரைக் கடிதம் நான் தருகிறேன்.